கூஜாத் தண்ணீர்

இந்த வாரம் தசரா யானைகளின் ஒத்திகையைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். யானைகள் மன்னிக்கட்டும். மனசு சரியில்லை.

போன வாரம் கொள்ளேகாலத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு பிரமாதம். பாயசம் இரண்டு தடவை. போவதற்கும் சாப்பிடுவதற்கும் சிரமம் இல்லை, மைசூருக்குத் திரும்பி வருவதுதான் கஷ்டம். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குப் பதிலாகக் கரியில் ஓடுகிற பஸ்ஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் கொடுத்து வேலையும் வாங்குகிற வாகனம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பஸ் ஒருவழியாகப் புகை விட்டுக் கிளம்புகிற சமயத்தில், குறுக்கே ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. அதில் ஓர் ஆள் துவண்டு கிடந்தார். பெயர் மாதையன். ஹனூர்ப் பக்கத்து விவசாயி. வயசு முப்பதுக்கு மேல் இருக்காது. சோளக்காட்டில் களை எடுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. முழங்கால் வரை வீக்கம், பல் ஈறில் ரத்தக் கசிவு. கூட அவர் மனைவி காளியம்மா, அவருடைய தம்பி.

"ஏனுங்க, மைசூர் ஆஸ்பத்திரிக்குப் போகோணுங்க. கொஞ்சம் எடம் உடுங்க சாமி!" என்று காளியம்மா கும்பிட்டாள்.

அவர்கள் ஊர் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. மெட்ராஸ் சர்க்கார். ஆனால் கோயம்புத்தூர் எங்கே கிடக்கிறது, மைசூர் எங்கே இருக்கிறது? எல்லைக் கோடு போட்ட துரைமார்கள் பாம்புக் கடியை யோசித்திருக்க மாட்டார்கள். இடம் விட்டோம். என் மடியில்தான் அவர் தலை.

வழி நெடுக மாதையன் கேட்டது ஒன்றே ஒன்று — தண்ணீர். கல்யாண வீட்டில் என் கூஜாவை நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். மூடியைத் திறந்தேன். காளியம்மா பாய்ந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாமுங்க சாமி! வெசக்கடிக்குத் தண்ணி ஆவாதுங்க. தண்ணி எறங்குனா வெசம் நெஞ்சுக்கு ஏறிக்கும்!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் 'ஆமாம், ஆமாம்' என்றார்கள். கண்டக்டர் உள்பட. காளியம்மா ஈரத் துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு மேட்டிலும் "மாதேஸ்வரா, மாதேஸ்வரா" என்று மாதேஸ்வரன் மலை இருக்கும் திசையைப் பார்த்து முனகினாள்.

மைசூரில் ஆஸ்பத்திரி டாக்டர் திருநாராயணன் என் சிநேகிதர். மேல்கோட்டை ஐயங்கார். காலையில் வார்டு, மத்தியானத்துக்கு மேல் பின்கட்டில் ஒரு சின்ன லேபரட்டரி. நான் அங்கே அடிக்கடி போவேன் — விஞ்ஞான ஆர்வத்தால் அல்ல, அங்கே காபி நன்றாக இருக்கும். ஒரு பக்கம் கூண்டில் கினிபிக்குகள்... சீமை எலி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கொல்லையில் ஓர் ஆடு. மர அலமாரியில், சின்னக் குப்பிகளில் உலர்த்திய விரியன் விஷம். காபி குடிக்கத் தகுந்த இடமா என்று கேட்காதீர்கள்.

நம் எல்லோர் ரத்தத்திலும் 'காம்ப்ளிமெண்ட்' என்று ஒரு வஸ்து இருக்கிறதாம். வெளியிலிருந்து வரும் கிருமியை உடைத்துப் போடுகிற காவல்காரன். சூடு பட்டால் செத்துப்போவான். அன்றன்றைக்கு எடுத்ததை அன்றன்றைக்கே உபயோகித்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சீமை எலிகள். அவற்றின் ரத்தத்தில் விரியன் விஷத்தைக் கலந்து, அதை ஆட்டு ரத்தத்தில் விட்டு, அது உடைகிறதா இல்லையா என்று டாக்டர் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"விஷம் பட்டா இந்தக் காவல்காரனுக்கு என்ன ஆறது ஓய்? செத்துப்போறானா, இல்லை புத்தி கெட்டு வீட்டுக்காரனையே அடிக்கிறானா? விரியன் கடிச்சுப் பிழைச்சவாள்ளயும் சில பேருக்கு நாலு நாள்ல மூத்திரம் நின்னுபோயிடறது. கிட்னி ஏன் போறது? அது தெரிஞ்சா நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்பார்.

எனக்குத் தூக்கம் நன்றாக வருமாதலால் நான் மேலே கேட்டதில்லை.

மாதையனுக்கு நல்ல நேரம் என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். பம்பாயிலிருந்து ரயிலில் வர வேண்டிய விஷ முறிவுச் சீரம், இந்த யுத்த காலத்திலும் கையிருப்பில் இருந்தது. ஊசி போட்டார். அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். முதலில் தண்ணீராக ஓடியது. மறுநாள் காலையில் எடுத்தது குழாயோடு ஒட்டி உறைந்து நின்றது. "கெட்டியாயிடுத்து!" என்று டாக்டர் குழந்தை மாதிரி கத்தினார். காளியம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டாள்.

"ஏம்மா, இனிமே தண்ணி நன்னாக் குடிக்கட்டும். கேக்கறப்பெல்லாம் குடு" என்றார் டாக்டர்.

"ஆகட்டுங்க சாமி."

நர்ஸும் தன் பங்குக்குக் கன்னடத்தில், "நீரு குடிஸம்மா, நீரு குடிஸு" என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள். என் கூஜாவை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தேன். நர்ஸ் நிரப்பி வைப்பாள். திரும்பி வந்து பார்த்தால் காலியாக இருக்கும். மறுபடி நிரப்புவாள்.

அடுத்த இரண்டு நாளும் நான் போகும்போதெல்லாம் டாக்டர் முகம் சுண்டிக்கொண்டே வந்தது. மூத்திரம் பிடிக்கக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த பாட்டில் அப்படியே காய்ந்து கிடந்தது.

"கூஜா கூஜாவாக் குடிக்கறான் ஓய். ஒரு சொட்டு வெளியில வரல்லையே!" என்றார்.

காளியம்மாவோ தைரியமாக இருந்தாள். ரத்தம் நின்றுவிட்டது, கண்டத்தைத் தாண்டியாகிவிட்டது என்கிற தைரியம். ஜன்னலோரம் உட்கார்ந்து அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். "மூத்திரம் போனாராம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"குடிச்சாத்தானுங்களே வரும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குடிக்கலையா? கூஜா காலியாகுதே!"

ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். கீழே ஒரு செம்பருத்திச் செடி. அதன் அடியில் மண் சேறாகக் கிடந்தது.

"டாக்டர் சாமி கோவிச்சுக்குவாருன்னு அங்க ஊத்தீட்டனுங்க. அவருக்கு ஆஸ்பத்திரி வைத்தியம் தெரியும், வெசத்தப் பத்தித் தெரியுமுங்களா? இவரு கெஞ்சுனாருங்க சாமி. கையப் புடிச்சுட்டு, 'ஒரு வாய் குடு புள்ள'ன்னு அழுதாரு. நாந்தான் மனசக் கல்லாக்கீட்டன். வெசம் முழுசா எறங்கட்டும், அப்புறம் ஆத்தையே காட்டறேன்னு சொல்லியிருக்கறனுங்க."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அத்தனை கெஞ்சலையும் தாங்கிக்கொண்டு புருஷனைக் காப்பாற்றியவளின் பெருமை.

டாக்டரைத் தேடி ஓடினேன். அவர் ஓடி வந்து, தாமே மாதையனின் தலையைத் தூக்கி டம்ளரை வாயில் வைத்தார். முகம் ஊதிப்போயிருந்தது. கண் சொருகியிருந்தது. தண்ணீர் கடைவாய் வழியாக வழிந்தது. அதற்கப்புறம் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார்கள். மறுநாள் விடிகிற சமயத்தில் மாதையன் போய்விட்டார்.

தம்பிக்காரன் வார்டு அதிரக் கத்தினான். "நீதான் கொன்னுபோட்ட! தண்ணி குடுக்காமக் கொன்னுபோட்டயே அண்ணி!"

வார்டே அவனோடு சேர்ந்துகொண்டது. பக்கத்துக் கட்டில்காரர், எதிர்க் கட்டில்காரர், நர்ஸ்... 'இப்படியும் ஒரு பெண்டாட்டியா!' எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. விஷக்கடிக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இதே ஊர்தானே? பஸ் முழுக்கத் தலையாட்டியதே! ஆள் பிழைத்திருந்தால் எல்லோரும் அவளைக் கொண்டாடியிருப்பார்கள். காளியம்மா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "அந்தக் கிட்னியை ஒரு தடவை திறந்து பாக்கணும். அவளண்டை நீர்தான் கேக்கணும்" என்றார்.

"உமக்கு மனசாட்சி இருக்கா? சீமை எலியா அவர்?" என்று நானும் கத்திவிட்டேன்.

கத்தியது அவள் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தாள். "அறுத்துப் பாத்தா, நாந்தான் கொன்னனான்னு தெரியுமுங்களா சாமி?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "தெரியலாம்மா. நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப அறுத்துப் பாருங்க."

"அறுத்த உடம்ப ஊருக்குள்ள உட மாட்டாங்க அண்ணி!" என்றான் தம்பி. அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. கைநாட்டு வைத்தாள்.

மத்தியானம் டாக்டர் வந்தார். கையில் கார்பாலிக் வாசனை. எப்போதும் நின்றபடி பேசுகிற மனிதர், அன்றைக்கு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, ரெண்டு கிட்னியும் வெளிப்பக்கம் பூரா வெளுத்துச் செத்துப்போயிருக்கு. தண்ணி குடிக்காததால வந்தது இல்லை இது. விஷம் பண்ணின வேலை. ஏன் இப்படிப் பண்றதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. ஆனா நீங்க பஸ் ஏறின அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கும். காவேரியையே கொண்டுவந்து குடுத்திருந்தாலும் அவர் பிழைச்சிருக்க மாட்டார். நீ கொல்லலைம்மா."

தம்பிக்காரன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அந்த எலிகளையும் ஆட்டையும் இத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அந்தக் காரியத்தில் ஊறின கண்ணல்லவா இன்றைக்கு ஒரு பெண்ணைக் கொலைப் பழியிலிருந்து விடுவித்தது? டாக்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இனி இவள் கொஞ்சம் மூச்சு விடுவாள் என்று நினைத்தேன்.

காளியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுத்திருந்தாலும் போயிருப்பாருங்களா?"

"ஆமாம்மா."

"குடுத்திருந்தா வெசம் மேல ஏறியிருக்குமுங்களா?"

"இல்லேம்மா. தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்பக் குடுத்திருக்கலாமுங்களே சாமி..." என்றாள். "அத்தன கெஞ்சுனாரே. தாகத்தோடயே அனுப்பீட்டனுங்களே!"

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். புருஷன் போனபோது அழாதவள், ஊரே ஏசியபோது அழாதவள், தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். டாக்டர் எழுந்து போகவில்லை. அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

டாக்டர்மார்களே, 'ஆகட்டுங்க சாமி' என்று ஒருத்தி தலையாட்டினால் அடுத்த கட்டிலுக்குப் போய்விடாதீர்கள். 'உனக்கு என்னம்மா பயம்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். என் சிநேகிதர் இதைப் படிப்பார் — கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.