கண்ணு பட்ட கியர்பாக்ஸ்

தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். துபாய்க்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த ஆட்டோமேட்டிக் காரை, அவருடைய டிரைவர் உறும உறும ஓட்டிவந்தான். ரெண்டாவது கியருக்கு மேல் ஏறவில்லை.

அந்த வண்டியில் கியரை மாற்றுவது சோலனாய்டு என்ற மின்சார வால்வுகள். அதில் ஒன்று செத்துவிட்டது என்று அடித்துச் சொன்னேன். ஆயிலை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் பேட்டரி கரண்டைத் தொட்டேன். எல்லாமே ‘டிக்’ என்று உயிரோடுதான் இருந்தன. கடுப்பில் ஸ்பேனரை வீசினேன். அது முன்பம்பருக்கு அடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தால், அங்கே எலுமிச்சம்பழமும் மிளகாயும் பச்சை ஒயரில் தொங்கின. மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்து பார்த்தேன். கியர்பாக்ஸுக்குப் போகும் பச்சை ஒயரில் ஒரு சாண் காணோம்.

“ஏலே, இந்த ஒயரு ஏது?” என்று டிரைவரைப் பிடித்துக் கேட்டேன்.

“அடியில சும்மா கெடந்துச்சுண்ணே. வெளிநாட்டு வண்டி, கண்ணு பட்டுரும்ல. அறுத்துக் கட்டிட்டேன்.”

பழத்தோடு தொங்கிய ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். புது ஒயர் போட்டு, தட்டை மாட்டி, ஆயிலை ஊற்றியதும் கார் மூணாவது கியரில் பறந்தது. ஓட்டிப் பார்த்து இறங்கியவன், “இப்ப பழத்தை எதுலண்ணே கட்ட?” என்றான்.

ஒயரைப் பார்க்காமல் கியர்பாக்ஸைப் பிரித்த எரிச்சலில், “என் கழுத்துல கட்டுலே!” என்று கத்தினேன்.

படுபாவி, மிச்சமிருந்த புது ஒயரை நீட்டி என் கழுத்தை அளவெடுத்தான்.