ஏழுமலைக்கு ஓட்டத் தெரியாது

காலை 6.10, மறைமலைநகர். மொரீசியஸுக்கு விமானம் ஏற இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. அன்று நான் கிளம்பியது மாமல்லபுரத்துக்கு. டிராவல்ஸ்காரர் அனுப்பிய திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

"முதல் நாள்: எரிமலைப் பள்ளம், அருவி, ஏழு வண்ண மண், கடற்கரை. மொத்தம் 55 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம்" என்று எழுதியிருந்தார். நான் பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாகச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். காகிதத்தில் போட்டிருக்கும் அளவு எனக்குப் போதாது, கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கும் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர்தான். ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்படியே வழியில், மாமல்லபுரத்தில் இருக்கும் டிராவல்ஸ்காரரிடம் தீவில் வாடகை வண்டி எடுப்பதற்கான வவுச்சரையும் வாங்கிக்கொள்ளலாம்.

பக்கத்து சீட்டில் என் கணவர் ஏழுமலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். எனக்கோ அந்தத் தீவை நானே ஓட்டிச் சுற்றி வர வேண்டும். பயணமே அதற்குத்தான். பின் சீட்டில் சாய்ந்து வேடிக்கை பார்க்க நான் இரண்டு வருட லீவைச் சேர்த்து வைக்கவில்லை.

6.45, செங்கல்பட்டு. கொளவாய் ஏரிக்கரையில் பனி இன்னும் விலகவில்லை. டீ பதினைந்து ரூபாய், தண்ணீர் மாதிரி இருந்தது. போன வாரம் இதே ஊரில்தான் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினேன். வெளிநாட்டில் ஓட்ட அது வேண்டும்.

7.40, திருக்கழுக்குன்றம். நாஸ்தா. ஏழுமலை நாலு இட்லியை இருபத்தைந்து நிமிடம் சாப்பிட்டார். திட்டப்படி இந்நேரம் நாங்கள் நாலு இடத்தையும் பார்த்து முடித்துக் கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். பாதி தூரம்கூட வரவில்லை.

"பொய்யா எழுதிகீறான் அந்த ஆளு" என்றேன்.

"இட்லி துன்ற டைமை அவரு கணக்குல சேக்கல மே" என்றார்.

9.05, மாமல்லபுரம். பார்க்கிங் ஐம்பது ரூபாய். சீட்டுக் கிழிப்பவர் நேராக இடப்பக்கக் கண்ணாடிக்குப் போய், "சார், லெஃப்ட்ல ஒடிச்சி ரிவர்ஸ் வா சார்" என்று ஏழுமலையிடம் கை காட்டினார்.

"ஸ்டியரிங் இங்க கீது அண்ணாத்த" என்றேன்.

அவர் சிரித்தார். சீட்டையும் ஏழுமலையிடமே கொடுத்தார்.

9.30. கடற்கரைக் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் டிராவல்ஸ்காரர் சாதிக் பாயின் கடை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் பனி மலைப் படம். எரிமலைப் படம் இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. வவுச்சரை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன். மூன்றாவது வரி: ஓட்டுநர் பெயர், ஏழுமலை.

"இன்னா பாய் இது? இவருக்கு சைக்கிளே தகராறு. வண்டிய இவர் பேர்ல போட்டுகீற?"

சாதிக் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "உன் பாஸ்போர்ட்லயும் ஏழுமலைன்னுதானேம்மா கீது?"

"ஜெயராணி ஏழுமலைன்னு கீது. கல்யாணத்துக்கப்புறம் எடுத்தது. லைசென்ஸ் கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. அதுல டி. ஜெயராணி. டி-ன்னா தேவராஜ், எங்கப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எதுக்கும்மா பேஜாரு? டிரைவரோட ஒரு பேக்கேஜ் கீது. நிம்மதியா உக்காந்துகினு வரலாம்."

இதற்குத்தான் அடிபோட்டிருக்கிறார் என்று எனக்கு அந்த நிமிடம் தோன்றியது. பெயரை வேண்டுமென்றே தப்பாகப் போடுவது, கடைசி நேரத்தில் டிரைவரைத் தலையில் கட்டுவது. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. "தீவுல வண்டி குடுக்கறவங்களுக்கு இப்பவே போனப் போடு" என்றேன்.

10.15. அங்கே எட்டே முக்கால். எடுத்தவள் ஒரு பெண், பெயர் வீராசாமி. தமிழ்ப் பெயர், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினேன். லைசென்ஸில் உள்ள பெயரும் வவுச்சரில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் சாவி தர மாட்டோம் என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"டி என்பது யார்?"

"அப்பா."

"ஏழுமலை யார்?"

"கணவர்."

"அவர்கள் ஓட்டுவார்களா?"

"இரண்டு பேருக்கும் தெரியாது."

"அப்படியென்றால் இதில் நீங்கள் எது?"

"நடுவில் இருக்கிறேனே, ஜெயராணி" என்றேன். எரிச்சலில், "உங்கள் வீராசாமி யார்?" என்று திருப்பிக் கேட்டேன்.

"என் தாத்தாவின் தாத்தா. கப்பலில் வந்தவர். அவருக்கும் லைசென்ஸ் கிடையாது" என்று சிரித்தாள். லைசென்ஸில் உள்ளபடியே பெயரை மாற்றிவிடுவதாகவும், திருமணச் சான்றிதழைக் கொண்டுவந்தால் போதும் என்றும் சொன்னாள். எழுத்தில் கொடு என்றேன். ஐந்து நிமிடத்தில் மெயில் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

அப்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "தப்பு உன்னுதுதானே பாய்?" என்று கேட்டேன். சாதிக் பாய் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை மின்விசிறியைப் பார்த்தார். பாய் போனைத் திறந்து என் முன்னால் வைத்தார். வாட்ஸ்அப்பில் படமாக வந்த, கையால் நிரப்பிய விண்ணப்பப் படிவம். "ஓட்டுநர் பெயர்" என்ற இடத்தில் ஏழுமலை. சாய்ந்து விழுகிற அந்தக் கையெழுத்தை நான் ஒன்பது வருடமாக மளிகைச் சீட்டில் பார்க்கிறேன்.

"நீயாய்யா எழுதுன?"

"ஃபாரம்னா நம்ம பேருதானே மொதல்ல எழுதறது" என்று முணுமுணுத்தார். நான் முறைத்ததும் மீதியும் வந்தது. "வண்டி யார் பேர்ல கீதோ அவங்க பேரை அட்டைல எழுதி ஏர்போர்ட்ல புடிச்சிகினு நிப்பாங்களாம். நம்ம பேரை யாராச்சும் எப்பனா அப்படிப் புடிச்சிகினு நின்னுகீறாங்களா, சொல்லு."

சாதிக் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்பது எனக்குப் பழக்கமில்லை, அதனால் சத்தமாகத்தான் வந்தது. ஒன்றேகால் மணி நேரம் என்று எழுதியதற்கு மட்டும் மன்னிப்பில்லை என்றும் சொன்னேன். "அது கூகுள் சொன்னதும்மா" என்றார். திட்டத்தை வாங்கி நாலு இடத்தில் இரண்டை அடித்துவிட்டுக் கொடுத்தேன்.

11.50, சதுரங்கப்பட்டினம். 57 கிலோமீட்டர். ஐந்து மணி நாற்பது நிமிடம். உடைந்த டச்சுக் கோட்டை, உள்ளே வெள்ளைக்காரர் கல்லறைகள். கல்லில் பூவும் கப்பலும் செதுக்கி, பெயரைப் பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். ஏழுமலை ஒரு கல் முன்னால் வெகுநேரம் நின்றார். வழியில் வாங்கிய வறுத்த மீன் ஆறிப்போனது.

இங்கே கடற்கரைச் சாலை நேராகப் போகிறது, திரும்பிவர அதே வழிதான். தீவில் சுற்றிக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம் என்கிறார்கள். அதையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்புவேன். வீட்டுக்குத் திரும்பி மெயிலை அச்செடுத்துவிட்டேன். பீரோவிலிருந்து திருமணச் சான்றிதழை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டேன். விமான நிலைய அட்டையை மட்டும் வண்டி கொடுப்பவர்களை நம்பி விடவில்லை, அதில் இனி என் பெயர்தான் இருக்கும். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கறுப்பு மார்க்கரில் நானே எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஏழுமலை என்று. நான் கவுன்டரில் சாவி வாங்கும்போது அவர் வெளியே போய் நிற்கட்டும். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து அவரைக் கூப்பிடுகிறேன்.