யாருக்குக் கொழுப்பு

என் அக்கா புருஷனின் அண்ணனுக்கு நான் வைத்த பெயர் சாவி. தீவன அறைச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டே குளிப்பார், கட்டிக்கொண்டே தூங்குவார். உள்ளே இருப்பது மக்காச்சோளமும் பிண்ணாக்கும்தான். அவர் காவலைப் பார்த்தால் தங்கப் பாளம் அடுக்கியிருக்கிறது என்று நினைப்பீர்கள்.

அந்த வீட்டுக்கு வாழப் போன நாள் முதல் செம்மறிகள் அக்காவின் பொறுப்பு. கொட்டில் கூட்டுவது, தண்ணீர் நிரப்புவது, குளம்பு வெட்டுவது, குட்டி குறுக்கே கிடந்தால் கையை விட்டுத் திருப்பி எடுப்பது எல்லாம் அவள். முடிவெடுப்பது மட்டும் அவர். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் "கொழுப்பு" என்பார். அந்த ஒரு சொல்லில் அந்த வீட்டின் வழக்கெல்லாம் தீர்ந்துவிடும். அத்தானோ வாயில்லாப் பூச்சி. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அத்தனை பெரிய மந்தையில் அக்காவுக்கென்று இருந்தது ஒரே ஆடு. தாய் செத்துப்போன குட்டி. பிழைக்காது, தூக்கிப் போடு என்று சாவி சொன்னதை அவள் புட்டியில் பால் ஊட்டி வளர்த்தாள். அதனால் புட்டி என்றே பெயர். பிழைத்தால் நீயே வைத்துக்கொள் என்று கேலியாகச் சொன்னவரும் அவர்தான். அது பிழைத்துத் தொலைத்தது. ஊரறியச் சொன்ன வார்த்தையை அவரால் விழுங்க முடியவில்லை.

அந்த வருஷம் புட்டி இரண்டாம் சினை. வயிறு இரு பக்கமும் பிதுங்கி நின்றது. ஈனுவதற்கு ஒரு மாதம் இருக்கையில், சினை ஆடுகளுக்குத் தானியத்தைக் கூட்டிப் போட வேண்டும் என்று அக்கா கேட்டாள். சாவி இருந்ததையும் பாதியாகக் குறைத்தார். தின்று கொழுத்தால் குட்டி பெருத்துவிடும், பெருத்தால் வெளியே வராது என்பது அவர் விளக்கம். ஐயா எத்தனை பிரசவம் பார்த்தவர் என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை. வைக்கோல்தான் தொட்டி நிறையக் கிடக்கிறதே என்றார்.

இரண்டு வாரத்தில் புட்டி மந்தையை விட்டு ஒதுங்கியது. தொட்டிப் பக்கமே வரவில்லை. சுவரில் நெற்றியை முட்டியபடி நின்று பல்லை நறநறவென்று கடித்தது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் கண் இமைக்கவில்லை. அக்கா பதறிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றாள்.

"டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். கொழுப்பு. ரெண்டு நாள் பட்டினி போடு, தானா வந்து திங்கும்" என்றார் சாவி.

சாப்பிட முடியாமல் நிற்கிற உயிருக்குப் பட்டினி வைத்தியம்! இதைச் சொல்லும்போதே எனக்கு இன்னும் உடம்பு எரிகிறது.

மறுநாள் காலை நான் போயிருந்தபோது புட்டி எழவேயில்லை. அக்கா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் மூச்சில் அழுகப்போகும் பழத்தின் இனிப்பு வாசனை. சாவி குனிந்து மோந்து பார்த்தார். குற்றவாளியைப் பிடித்துவிட்ட களை முகத்தில் வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் பழத்தையெல்லாம் அக்கா திருட்டுத்தனமாக ஆட்டுக்கு ஊட்டியிருக்கிறாள், அது செரிக்காமல்தான் படுத்துவிட்டது என்று அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினார். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, போய் டாக்டரை அழைத்து வா என்று மட்டும் சொன்னாள். சரி என்று சாவியின் காதில் விழும்படியே சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

டாக்டரம்மா வந்து மோந்து பார்த்ததும் யார் பழம் கொடுத்தது என்று கேட்கவில்லை. தீவனம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னாள். சாவி கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சர்க்கரைப் பாகு போன்ற ஒரு மருந்தைக் கடைவாயில் ஊற்றினார், அதைக் காலையும் மாலையும் ஊற்றச் சொன்னார். குட்டிகளை முன்னதாகவே ஈன வைத்தால்தான் தாய் பிழைக்க வழியுண்டு என்று ஒரு ஊசியும் போட்டார். உள்ளே இருந்தது இரண்டு குட்டி.

"குட்டிங்க வயித்த அடைச்சிடுச்சு, வைக்கோலுக்கு ஏது இடம்? கொஞ்சம் தின்னாலும் சத்தா இருக்கணும். அது கிடைக்கலன்னதும் தன் உடம்புக் கொழுப்பையே கரைச்சுக் குட்டிக்குக் குடுத்திருக்கு. அப்படிக் கரையறப்ப ரத்தத்துல சேர்ற விஷம்தான் இந்த வாசனை" என்றார்.

சாவி உடனே, கொழுப்பு என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்! டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மற்ற சினை ஆடுகளுக்கும் இன்றே தானியம் போடாவிட்டால் வரிசையாகப் படுக்கும் என்றார். கதவோரம் நின்றிருந்த அத்தான் தொண்டையைச் செருமினார்.

"சாவியக் குடுங்கண்ணே."

அந்த மனிதர் அண்ணனிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்க அண்ணனுக்கு வெகுநேரம் ஆனது. முடிச்சு இறுகிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் புட்டி ஈன்றது. ஒரு குட்டி செத்தே வந்தது. அதைச் சாவி போட்ட பாதித் தானியத்தின் கணக்கில்தான் எழுதுவேன். இன்னொன்று வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு எழுந்து நின்றது. புட்டி தலையைத் திருப்பி அதை நக்கியபோதுதான் அக்கா அழுதாள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். அக்கா தீவன அறையைத் திறந்து வாளியோடு வந்தாள். புட்டி மற்ற ஆடுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, வழியில் நின்ற சாவியின் முழங்காலில் ஒரு முட்டு முட்டிவிட்டுத் தொட்டிக்குள் வாயை வைத்தது. அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

"பாரு, எவ்வளவு கொழுப்புன்னு" என்றார்.

அக்கா வாளியை முழுசாகக் கவிழ்த்தாள்.

"ஆமா. இருக்கட்டும்."