வலது பாதியில் வந்த வினை

டிப்ளமோ முடித்த கையோடு விருதுநகரில் கேட் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "கேட்டா? எந்தப் பட்டாசுக் கம்பெனி கேட்டுல போயி நிக்கப் போற?" என்றார் அப்பா. கம்ப்யூட்டரில் மிஷின் படம் வரையும் படிப்புக்கு அப்படி ஒரு பெயர் என்று விளக்கினேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. மெக்கானிக்கல் படித்த பெண்ணை எந்தக் கம்பெனியும் எடுக்காது என்பது அவர் கட்சி. சிவகாசியில் ஓர் அச்சாபீசில், லேபிள் பிரித்து அடுக்கும் மேசையில் எனக்கு இடமே சொல்லி வைத்திருந்தார். தீபாவளி சீசனுக்குள் வேலை வாங்காவிட்டால் நானே அந்த மேசைக்கு வருகிறேன் என்று சவடால் விட்டேன்.

கேட் வகுப்பு எனக்குச் சொர்க்கம். பாலிடெக்னிக்கில் ஒரு கோடு பிசகினால் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துவிடும். இங்கே ஒரு பொத்தானை அமுக்கினால் செய்த பாவம் போய்விடும். அதோடு ஏசி வேறு. விருதுநகர் வெயிலுக்கு அதற்காகவே இரண்டு முறை படிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது மிர்ரர் கட்டளை. இடது பாதியை மட்டும் வரைந்தால் போதும், வலது பாதியை அதுவே கண்ணாடி பார்த்த மாதிரி போட்டுக் கொடுத்துவிடும். சோம்பேறிக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தது போல.

சாத்தூர் ரோட்டில் ஒரு பட்டறையில் ஆள் கேட்டார்கள். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றும் மிஷின் செய்யும் இடம். முதலாளி ஓர் இரும்புத் தகட்டைக் கையில் கொடுத்து, அளந்து வரையச் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி துளைகள். விடுவேனா? இடது பாதியை வரைந்து, ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் இங்கிலீஷில் குறிப்பு எழுதி, மிர்ரர் போட்டு, பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

"என்னம்மா இது, பாதியக் கண்ணாடி வச்சுப் படிக்கணும் போல இருக்கே?"

வாங்கிப் பார்த்தேன். "சரியாத்தான சார் இருக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் எனக்கு உறைத்தது. பட்டறைக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய சாஃப்ட்வேர் கோட்டோடு சேர்த்து எழுத்தையும் இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தது. அது என் கண்ணில் படவே இல்லை. அப்பா ஈய எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். அச்சு எழுத்து திரும்பித்தான் இருக்கும். அவர் தமிழிலும் இங்கிலீஷிலும் கோர்த்து வைத்த பில்புக்கையும் கல்யாணப் பத்திரிகையையும் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன். நேராக இருந்தாலும் திரும்பி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

விஷயத்தைச் சொன்னேன். "நீங்க படிச்சிருவீக. எங்க டிரில்லிங்காரன் எப்பிடிப் படிப்பான்? சாப்பாட்டுக்குள்ள மாத்திக் குடுங்க, பாப்போம்" என்றார்.

எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியாது. வலது பாதி எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தேன். சரி பார்ப்பதுதான் பெரும்பாடு, என் கண்ணையே நம்ப முடியவில்லை. 'ஆர்' எழுத்தின் கால் வலப்பக்கம் நீட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு குறிப்பிலும் விரல் வைத்துப் பார்த்தேன். லேபிள் மேசை கண்முன் வந்து வந்து போனது. முதலாளி தாளை வாங்கி, மேலும் கீழும் பார்த்து, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார். பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தும் உட்கார மறந்து நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டில் முதலில் கொஞ்சம் விளையாடலாம் என்று, "இதப் பாத்துட்டுத்தாம்ப்பா வேண்டாம்னு சொன்னாக" என்று அந்தக் கெட்டுப்போன தாளைக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு குறிப்பு விடாமல் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"எங்கன தப்பு? அம்புட்டும் சரியாத்தான இருக்கு! எம்புள்ள வேலையில குத்தம் சொல்ல அவன் யாரு? கெளம்பு, நான் வந்து கேக்கேன்."

சட்டையை எடுத்து மாட்டத் தொடங்கிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.