கை எட்டும் தூரம்

பொறாமையால் தன் வீட்டைத் தானே கவிழ்த்துக்கொண்ட நாயகன்மேல் இரக்கப்படலாமா? பள்ளி இறுதித் தேர்வில் வந்த கேள்வி. அப்போது என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக்காரரின் கதை அப்போது இன்னும் நடந்து முடிந்திருக்கவில்லை.

கண்ணைச் சோதிப்பது, வில்லையைத் தேய்ப்பது, சட்டத்தில் பொருத்துவது எல்லாம் அவரே. ஒரு கண்ணாடியும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. கடையில் அவர் வாய் ஓயாது. வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் வாய்க்குப் பூட்டு. மனைவி எதைச் சொன்னாலும் "ம்."

ஒருநாள் அந்த அம்மா சன்னலோரம் நின்று, "எதிர்க்கடைத் தையல்காரத் தம்பி சட்டை எடுப்பா இருக்கில்லங்க?" என்றார்.

"ம்" என்றார் இவர். ஆனால் அந்தப் பேச்சு செருப்புக்குள் புகுந்த கல்லாகிவிட்டது. மனைவி சன்னலைத் திறந்தாலும் உறுத்தியது, மூடினாலும் உறுத்தியது.

அந்தச் சமயம் பார்த்து மனைவியின் கண்ணாடி உடைந்தது. மனுஷர் கதவைச் சாத்திக்கொண்டு புது வில்லை தேய்த்தார். கை எட்டும் தூரம்வரை பளிச்சென்று தெரியும். அதற்கு அப்பால் உலகமே புகை.

"என்னங்க, தள்ளி இருக்கிறதெல்லாம் கலங்கலா இருக்கே?"

"பழகப் பழகச் சரியாயிடும்." வீட்டில் அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

தையல்காரரும் இவரும் ஒரே உயரம், ஒரே பருமன். தையல்காரர் எந்நேரமும் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். அதனால் அவர் பேச்சும் "ம்"தான். இதை மட்டும் கண்ணாடிக்காரர் யோசிக்காமல் விட்டுவிட்டார்.

ஒரு காலையில் அந்த அம்மா கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, தெருவில் நின்ற தையல்காரரைப் பார்த்துக் கத்தினார்: "குழாய் ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ம்?"

"இந்த ம்முக்கு ஒண்ணும் குறைச்சலில்ல! வாங்க வீட்டுக்கு!"

தையல்காரர் பயந்த சுபாவம். பேசாமல் பின்னாலேயே போய்க் குழாயடியில் குனிந்தார்.

கண்ணாடிக்காரர் மதியம் வீடு திரும்பினார். சமையலறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. மனைவி கூடத்தில் இருந்தபடியே உள்ளே பார்த்து மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தார், சிரிப்பு வேறு. வாசலில் நிழலாடியதும் திரும்பினார்.

"வாங்க தம்பி! இன்னைக்கும் சட்டை எடுப்பாத்தான் இருக்கு. அவர் உள்ளே குழாய் சரி பண்றார். இன்னைக்குத்தான் மனுஷனா மாறியிருக்கார்."

கண்ணாடிக்காரர் போட்டிருந்தது வெளுத்துப்போன பழைய சட்டை. முதலில் உச்சி குளிர்ந்தது. பாராட்டு தையல்காரருக்கு என்பது பிறகுதான் உறைத்தது. அந்த நொடியில் அவருக்கு இரண்டு பேர்மேல் பொறாமை: உள்ளே புருஷனாக இருந்த தையல்காரர்மேல், வாசலில் தையல்காரராக நின்ற தன்மேல்.

"நான்தாண்டி உன் புருஷன்!"

உள்ளே குழாயில் தலை மோதியது, குண்டூசிகள் சிதறின. "அண்ணே, அக்காதான் கூப்பிட்டாங்க!"

அந்த அம்மா கை எட்டும் தூரத்துக்கு வந்து இவர் முகத்தைப் பார்த்தார், பிறகு வெளியே வந்த தையல்காரர் முகத்தை. கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க பிழையா தேய்க்கிற ஆளில்லையே?"



மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். 'பெண்டாட்டி கண்ணையே கெடுத்தவன் நம்ம கண்ணை விட்டுவைப்பானா?' என்று ஊரும் ஒதுங்கியது. கடைக்குப் பூட்டு விழுந்தது.

இப்போது அவர் தினமும் மச்சான் வீட்டுச் சன்னலுக்கு எதிரே வெயிலில் நிற்கிறார். பக்கத்தில் வரக்கூடாது என்பது மனைவி போட்ட நிபந்தனை. பேசிக்கொண்டே இருக்கிறார்: செய்த துரோகம், பயம், அந்தச் சட்டை, இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டதெல்லாம். வேறு கடையில் போட்ட கண்ணாடியோடு அந்த அம்மா சன்னலில் நின்று கேட்கிறார்.

நேற்று, "வீட்டுக்கு வந்துடும்மா" என்று முடித்தார்.

"ம்" என்றார் அந்த அம்மா.

அது சம்மதமா, இல்லையா? தெரியாமல் மனுஷர் அங்கேயே நிற்கிறார். வில்லை தேய்த்தவர்மேல் எனக்கு இரக்கமில்லை. வெயிலில் நிற்கிறவர்மேல் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான், என்ன செய்ய? இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே.