விஷம் குடிக்காத சீமாட்டி

வட அயர்லாந்தின் டவுன்பாட்ரிக்கில் முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஃபிலோமினா மகோரியன், அறுபத்திரண்டாம் வயதில் சீமாட்டி ஆனாள். பெல்ஃபாஸ்ட்டில் ராஜா ராணித் தொலைக்காட்சித் தொடர் ஒன்று எடுத்தார்கள். அரசவையில் வாய் திறக்காமல் உட்கார ஆள் தேடினார்கள். உட்காருவதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆளில்லை. கணவன் போனபின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, படப்பிடிப்புக்கு ஆள் ஏற்றிப்போகும் விடியற்காலை வேனும் அதில் நடக்கும் கேலிப் பேச்சும் உயிரைத் திருப்பிக் கொடுத்தன.

அரியணைக்காக அண்ணன் தம்பியைக் குத்துவதும், மந்திரி ராஜாவைக் காட்டிக்கொடுப்பதுமாகக் கதை ஓடியது. அரியணைக்குக் கீழேயும் அதே கதைதான். கேமராவுக்குத் தெரிகிற நாற்காலிக்காக ஃபிலோமினாவும் அவள் பள்ளித்தோழி கன்செப்டா ரூனியும் செய்த சதிகளைக் கேட்டால் ராணியே பாடம் படிக்க வருவாள். கன்செப்டாவின் முக்காட்டை நாற்காலிக் காலோடு முடிச்சுப் போட்டது யாரென்று ஃபிலோமினா இன்றுவரை சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் விருந்துக் காட்சி வந்தது. ராணி தன் எதிரிகள் நாற்பது பேருக்கும் மதுவில் விஷம் வைக்கிறாள். அந்த நாற்பதில் ஃபிலோமினாவும் கன்செப்டாவும் அடக்கம். செத்தவர்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை.

"எல்லாரும் கோப்பைய எடுத்துக் குடிங்க, அப்புறம் சாகுங்க" என்றார் இயக்குநர்.

கோப்பையில் இருந்தது வெறும் பழச்சாறு. ஆனால் ஃபிலோமினா பன்னிரண்டு வயதில், தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்கு நடந்த அன்று, மதுவைத் தொடமாட்டேன் என்று ஆயர் முன்னால் சத்தியம் செய்தவள். தன் கல்யாண விருந்தில் எல்லாரும் வாழ்த்தி மதுக்கோப்பையை உயர்த்தியபோதுகூட அவள் தேநீரைத்தான் உயர்த்திப் பிடித்தாள்.

"சாறுதானடி, குடிச்சுத் தொலை" என்றாள் கன்செப்டா, உதடு அசையாமல்.

"எனக்குத் தெரியும். டிவி பாக்குற ஊருக்குத் தெரியுமா?"

"குடிக்கலன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"குடிச்சுச் செத்தாலும் வீடுதானே."

கேமரா ஓடியது. முப்பத்தொன்பது பேர் குடித்து, இருமி, பீட்ரூட் சாற்றை வெள்ளை விரிப்பில் கக்கி, அழகாகச் செத்தார்கள். நடுவில் ஃபிலோமினா கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிவப்பு விளக்கில் நிற்கும் ஓட்டுநரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் தலையில் கை வைத்தார். விரிப்பும் உடைகளும் பாழ்; மறுபடி எடுக்க வழியில்லை. கதை எழுதும் இளைஞன் ஓடிவந்தான்.

"நீங்க ஏன் குடிக்கல?"

"ஆயர்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன், தம்பி. மாத்திக்கலாமான்னு கேக்க அவரும் இப்ப உயிரோட இல்ல."

அவன் கவிழ்ந்த கோப்பையையும் பிணங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ இவளுக்கு முன்னாடியே தெரியும்" என்றான் மெல்ல. "ராணிக்காக விஷத்தக் கலந்ததே இவதான்."

பிணமாகக் கிடந்த கன்செப்டா ஒரு கண்ணைத் திறந்தாள். "அடிப்பாவி, குடிச்சவ நான் மண்ணுக்கு, குடிக்காதவ நீ மந்திரிப் பதவிக்கா?"

அடுத்த வருஷம் ஃபிலோமினாவுக்கு ராணியின் வலப்பக்கத்து நாற்காலியும் பேச நான்கு வரியும் கிடைத்தன. செத்தவளுக்கு ஓர் இரட்டைச் சகோதரி உண்டு என்று எழுத்தாளன் காதில் ஓதி, கன்செப்டாவையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

சங்கடம் ஒன்றே ஒன்று. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கூடத்தில் தேநீர் ஊற்றுவது ஃபிலோமினாதான். விருந்துக் காட்சி ஒளிபரப்பான வாரம், கோப்பையை வாங்கிய ஒருவரும் வாயில் வைக்கவில்லை. கடைசியில் பங்குத்தந்தை தொண்டையைக் கனைத்தார்.

"மொதல்ல நீ ஒரு வாய் குடிம்மா, ஃபிலோமினா."

அவள் அவசரப்படவில்லை. இரண்டு பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்று, கடைசிச் சொட்டுவரை குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை ஊரே ஆறிப்போகும் தேநீரைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்து நின்றது.