கிரேஸின் கைக்குள் பீஸ் கட்டை

தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் பதினொரு வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள் கிரேஸ். அந்தக் கால்வலியில் எழும்பியதுதான் புதுவாயல் பக்கம், மாமனார் மனையில் நின்ற புது வீடு. பழைய வீட்டு இணைப்பையே மாற்றி அதற்கு மூன்று பேஸ் மின்சாரம் அனுமதியாகிவிட்டது. அதே மனையில் பழைய வீட்டில் இருந்த கொழுந்தன் அன்புராஜுக்கு வயிறு எரிந்தது. செத்துப்போன அப்பா பேரிலிருந்த இணைப்பு அண்ணன் பேருக்கு மாறினால் மனையும் போய்விடும் என்று டாஸ்மாக்கில் எவனோ ஓதியிருந்தான்.

சனிக்கிழமை மதியம், எலக்ட்ரீஷியனான கணவன் ஸ்டீவன் கரண்ட்டை நிறுத்த, பழைய மீட்டர் பெட்டியின் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கி அவள் கையில் வைத்தான்.

"கம்பெனில பெட்டிக்குப் பூட்டு போட்டுட்டுதான் ஒயர தொடுவோம். இங்க நீதான் பூட்டு. நான் எறங்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காத."

"பாதர் வந்து கேட்டாகூடவா?"

"அவுரு என்னெ அடக்கம் பண்ணத்தான் கேப்பாரு, போ."

அவன் பின்சுவரில் ஏணி போட்டு ஏறினான். பக்கத்து மனையில் கலவை மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அன்புராஜ் தள்ளாடி வந்தான்.

"இன்னா அண்ணி, எங்கப்பன் கரண்ட புடுங்க நீ யாரு? குடு கட்டைய!"

"தம்பி, உங்கண்ணன் கை ஒயர்ல கீது. அரை மணி பொறு."

"கத உடாத!"

அறைந்தான். உதடு கிழிந்தது. கூந்தலைச் சுற்றிப் பிடித்துச் சுவரில் மோதினான். கிரேஸ் கணவனைக் கூவினாள். மெஷின் அந்தக் குரலை விழுங்கியது. மூடிய கையைப் பிரிக்க முடியாமல் செங்கல்லால் ஓங்கி அடித்தான் பாவி. விரல் முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. பீங்கான் விளிம்பு உள்ளங்கையைக் கிழிக்க, கையை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புற விழுந்தாள். முதுகில் உதை விழுந்துகொண்டே இருந்தது.

முழம் ஒயர் குறைந்ததென்று எடுக்க வந்த ஸ்டீவன் அலறினான். தம்பியைப் பிடித்துத் தள்ளினான்.

"எறங்கிட்டியா?" என்றாள் கிரேஸ்.

"எறங்கிட்டம்மா!"

அப்போதுதான் கை திறந்தது. அன்புராஜ் பாய்ந்து கட்டையைப் பறித்துப் பெட்டியில் செருகினான். பின்சுவரில் வெடித்தது நீலத் தீ. ஸ்டீவன் தோலுரித்துவிட்டு வந்த ஒயர்கள் ஒன்றோடொன்று உரசிக் கருகின. அன்புராஜ் பதறிக் கட்டையைத் திரும்பப் பிடுங்கினான்.

அவனை அவள் பார்க்கவேயில்லை. தொங்கும் விரல்களோடு கணவனின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.